ஊஞ்சல் எண் இரண்டின் விரதம்

பொற்கிழி நகர் சிறுவர் பூங்காவில் இரண்டு ஊஞ்சல்கள் இருந்தன. ஒன்று ஆடியது. மற்றது விரதம் இருந்தது.

ஊஞ்சல் எங்கேயாவது விரதம் இருக்குமா என்று கேட்கலாம். இருக்காது என்பது பூங்காக் காவலாளி நடனசபாபதிக்கும் தெரியும். ஆனால் பூங்காவுக்கு எதிர்வீட்டு மோனிகா, வயது ஆறு, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "ஏன் தாத்தா இதைக் கட்டி வச்சிருக்க?" என்று கேட்டபோது அவர் வாயில் வந்தது அதுதான்.

"அது விரதம் இருக்கு கண்ணு. ஆடாது."

"எப்ப முடியும்?"

"கடலூர்லேர்ந்து ஆர்டர் வந்ததும்."

மோனிகா ஒப்புக்கொண்டாள். அவள் அம்மா சத்யப்பிரியா வெள்ளிக்கிழமைதோறும் விரதம் இருப்பவள். விரதத்தில் இருப்பவர்களைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பது மோனிகாவுக்குப் பழகிய சட்டம். அவளே போய் மற்றப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள். பதினேழு பிள்ளைகளும் முதல் ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று நடனசபாபதி மறுநாள் காலை கீழவீதி வழியாக வேலைக்கு வரும்போது கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். மாதத்துக்கு ஒரு தடவை அவர் ஏணி போட்டு ஏறி ஊஞ்சல்களுக்கு எண்ணெய் விடுவார். அது அவர் வேலையில் சேராது. கிரீச் கிரீச் என்று சத்தம் கேட்டால் அவருக்கு மனசு பொறுக்காது, அவ்வளவுதான். அந்த மாதம் ஏறியபோது இரண்டாவது ஊஞ்சலில் சங்கிலியை மேல்கம்பியோடு சேர்க்கும் கொக்கி தேய்ந்து போயிருந்தது. அண்டை வீதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அந்தோணிசாமியை அழைத்து வந்து காட்டினார். அந்தோணிசாமி ஏணியில் நின்றபடியே சொன்னார்:

"மச்சான், இது கொக்கி இல்ல. காதுல போடுற கம்மல்."

"எத்தினி நாள் தாங்கும்?"

"நாள் எல்லாம் கேக்காத. எந்தப் புள்ள உக்காரும்போது விடும்னு கேளு. பத்து நிமிஷத்துல வேற கொக்கி மாட்டித் தரவா?"

நடனசபாபதி அவசரமாகக் கையை ஆட்டினார். பூங்கா, சிறார் விளையாட்டிடப் பாதுகாப்பு வாரியத்தைச் சேர்ந்தது. வாரியத்தின் கொக்கிகளில் முத்திரை அடித்திருக்கும். முத்திரை இல்லாத கொக்கி ஒன்று தொங்கினாலும் பூங்காவின் அங்கீகாரம் போய்விடும், கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒரு பூங்காவில் யாரோ நல்ல மனுஷர் சறுக்குமரத்துக்குச் சொந்தமாக ஒரு நட்டு போட்டு முறுக்கினார். அந்தப் பூங்கா பூட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே பிள்ளைகள் இப்போது பஸ் போகிற ரோட்டில் விளையாடுகிறார்கள். ரோடு வாரியத்தைச் சேர்ந்தது இல்லை என்பதால் வாரியத்துக்கு அதில் வருத்தம் இல்லை.

எனவே நடனசபாபதி முறைப்படி புகார் நோட்டில் எழுதி, தினசரி ஆட்டக் கணக்கோடு சேர்த்துக் கடலூரிலுள்ள வாரிய அலுவலகத்துக்கு அனுப்பினார். ஊஞ்சல் பலகையைத் தூக்கி மேல்கம்பியோடு கயிற்றால் கட்டினார். அதன் கீழே இருந்த மணலைத் தினமும் காலையில் மண்வெட்டியால் கொத்தி மெத்தென்று வைத்தார். கயிற்றை நம்பலாம், பிள்ளைகளை எந்த அளவுக்கு நம்புவது?

ஒன்பதாம் நாள் கடலூரிலிருந்து பதில் வந்தது.

"ஊஞ்சல் எண் 2-இன் தினசரி ஆட்ட எண்ணிக்கை ஒன்பது நாட்களாகப் பூஜ்ஜியம் எனப் பதிவாகியுள்ளது. குழந்தைகளின் விளையாடும் உரிமையை மறுத்தமைக்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும். மேற்படி ஊஞ்சலில் குழந்தைகளை உடனடியாக ஏற்றி அறிக்கை அனுப்பவும்."

நடனசபாபதி அதை மூன்று தடவை படித்தார். கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்குமோ என்று தாளின் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். ஆனால் ஒரு பிள்ளையையும் ஏற்றவில்லை. வெறும் ஊஞ்சலைத் தம் கையால் மூன்று தடவை ஆட்டிவிட்டு, "ஆட்டம்: மூன்று. குழந்தை: இல்லை" என்று எழுதி அனுப்பினார். பொய் எழுத அவருக்குக் கை வராது.

அதற்கு உடனே பதில் வந்தது. முந்தைய வாரத்தைவிட முன்னேற்றம் தெரிவதாக வாரியம் பாராட்டியிருந்தது.

பாராட்டு வந்த அன்றுதான் அவருக்குப் பயமே வந்தது. இரண்டாவது ஊஞ்சல் கட்டில்லாமல் தொங்குவதைப் பார்த்து மோனிகா ஓடி வந்து, "விரதம் முடிஞ்சிடுச்சா?" என்று ஒரு காலைத் தூக்கிப் பலகையில் வைத்துவிட்டாள். அவர் பாய்ந்து போய் அவளைத் தூக்கிக்கொண்டார். மறுநாள் காலை சத்யப்பிரியாவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒரு நாளு பூங்காவைப் பாத்துக்கோ. நான் கடலூர் போயிட்டு வந்துடுறேன். யாரும் ரெண்டாவதுல உக்காரக் கூடாது."

"போயிட்டு வாங்க மாமா. நான் அதுலயே துணி காயப்போட்டு வைக்கிறேன். ஒரு புள்ளையும் கிட்ட வராது."

பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று பஸ் நின்று நின்று போய்க் கடலூர் சேர்ந்தது. மஞ்சக்குப்பத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வாரிய அலுவலகம். மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. படி ஏறும் சுவர் முழுக்கச் சிரிக்கும் குழந்தைகளின் படம். ஒவ்வொரு படத்தின் கீழும் "உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு" என்று எழுதியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது நடனசபாபதிக்குத்தான் மூச்சு வாங்கியது.

மேஜையில் வினோதினி என்ற பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் கொண்டுபோன மனுவை வாங்கிப் படித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தாள்.

"குழந்தை பேர் சொல்லுங்க ஐயா."

"எந்தக் குழந்தை பாப்பா?"

"விழுந்த குழந்தை."

"யாரும் விழலையே. விழக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்."

வினோதினி பேனாவை மூடினாள். "அப்படின்னா நீங்க முன்னாடியே வந்துட்டீங்க ஐயா."

"எப்ப வரணும்?"

"விழுந்த நாள்லேர்ந்து மூணு வேலை நாளைக்குள்ள."

படிவத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். விழுந்த குழந்தையின் பெயர். வயது, பன்னிரண்டுக்கு மேற்படாமல். விழுந்த உயரம். அழுத நேரம், நிமிடங்களில். இவற்றையெல்லாம் நிரப்பினால் விபத்து எண் கிடைக்கும். விபத்து எண் கிடைத்தால் கோப்பு திறக்கும். கோப்பு திறந்தால் கொக்கி வரும்.

"அழுத நேரம் எதுக்கும்மா?"

"அஞ்சு நிமிஷத்துக்குக் கீழன்னா சாதா விபத்து. எங்களுக்கு அது வராது."

நடனசபாபதி துணை இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்றார். துணை இயக்குநர் அறிவழகன் பார்க்க முடியாத ஆள் இல்லை. ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, சாந்தமான முகம். எழுந்து நின்று கும்பிட்டு, நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு பேசினார்.

"நீங்க குழந்தைங்க மேல வச்சிருக்கிற அக்கறை புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. விபத்தே நடக்கறதுக்கு முன்னாடி நாம கொக்கியை மாத்திட்டோம்னா, ஒரு விபத்தைத் தடுத்தோம்னு எப்படி நிரூபிக்கிறது? எதைத் தடுத்தோம்? காட்டச் சொன்னா எதைக் காட்டுறது? நடந்தாத்தானே கையில ஒண்ணு இருக்கும்?"

"நடந்துச்சுன்னா ஒரு புள்ளைக்குக் கை ஒடிஞ்சிருக்குமே சார்."

"அதுக்குத்தான் நாங்க இருக்கோம். போன வருஷம் மாவட்டத்துல முப்பது பூங்கா. அதுல பதினோரு பூங்காவுல ஒரு விபத்து கூட இல்ல. ஒண்ணு கூட. எப்படின்னு கேளுங்க."

"எப்படி சார்?"

"பூட்டி வச்சோம்."

நடனசபாபதி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், எங்க ஊர்ல தேர் ஓடறதுக்கு முன்னாடியே அச்சு, சக்கரம், வடம் எல்லாத்தையும் தட்டிப் பாத்துடுவாங்க. தேர் சாயட்டும்னு காத்திருக்கிறதில்ல."

அறிவழகன் அதை உண்மையிலேயே யோசித்தார். நெற்றியில் இரண்டு கோடு விழுந்தது.

"தேர் வேற துறை," என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் சுவரோரமாக இறங்கத் தொடங்கியபோது வினோதினி பின்னாலேயே வந்தாள். கையில் டிபன் டப்பாவின் மூடி. அதில் பாதி எலுமிச்சைச் சாதம்.

"சாப்டீங்களா ஐயா? காலையில கிளம்பினவரு. பிடிங்க." அவர் சாப்பிடும்வரை அவள் ஒரு படி கீழே, கைப்பிடி இருந்திருக்க வேண்டிய பக்கம் நின்றுகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நேர்ல வந்து ஆய்வு பண்ணணும்னு ஒரு மனு கொடுங்க. அதுக்குக் குழந்தை பேரு தேவையில்ல. நானே எழுதித் தர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க."

கடலூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டார். அவளுக்கு நல்ல இடத்தில் மாறுதல் கிடைக்க வேண்டும் என்று.

ஆய்வு மனுவுக்கு முதலில் ஒரு பலகை வந்தது. எட்டடி உயரம், பன்னிரண்டடி அகலம். "எச்சரிக்கை! இங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். விழாதீர்!" என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அதை நட வந்தவர்கள் காவலாளியின் நாற்காலிக்கும் ஊஞ்சல்களுக்கும் நடுவில் நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தால் நடனசபாபதிக்கு எச்சரிக்கை தெரிந்தது, பிள்ளைகள் தெரியவில்லை. பலகையின் கீழ்த் தகரமூலை சரியாக ஏழு வயதுப் பிள்ளையின் நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இதைப் பற்றியும் அவர் கடலூருக்குப் போன் செய்து கேட்டார். பலகைக்குத் தனி விபத்து எண் வேண்டும் என்றார்கள்.

சத்யப்பிரியா பழைய புடவையைக் கிழித்துச் சுருட்டி மூலையில் வைத்துத் தைத்தாள். "ஒரு கவருமெண்ட்டுக்கே தலகாணி தச்சுப் போட்டவ நான்தான் மாமா," என்றாள்.

அவர் நாற்காலியை எடுத்து இரண்டாவது ஊஞ்சலுக்கு அடியிலேயே போட்டுக்கொண்டார். தினமும் மாலை நான்கிலிருந்து ஆறரை வரை வெறும் ஊஞ்சலை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் சிரித்தார்கள். அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஆய்வு ஆணை வந்தது. விதி 22-இன்படி, விபத்து நடக்கத் தவறிய பூங்காக்களில் அதிகாரிகள் முன்னிலையில் "மாதிரி விபத்து" ஒன்றை நடத்திப் பார்க்கலாம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் குழு வரும். காவலாளி ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட, நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தை ஒன்றைத் தயாராக வைத்திருக்கவும். குழந்தை குளித்திருந்தால் நல்லது, புகைப்படம் எடுக்கப்படும்.

நடனசபாபதி அதைச் சத்யப்பிரியாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் காட்டினார். அவள் படித்துவிட்டு நிதானமாகத் திருப்பித் தந்தாள்.

"மாமா, அவுங்களுக்குப் புள்ளகுட்டி உண்டுல்ல?"

"இருக்கும்மா."

"அப்ப அவுங்க புள்ளைய மொதல்ல குளிப்பாட்டிக் கூட்டியாரச் சொல்லுங்க. வேணும்னா சோப்பு நான் தர்றேன்."

பதினொரு மணிக்கு வரவேண்டிய குழு நாலரைக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்திருந்த நேரம். ஜீப்பிலிருந்து அறிவழகனும் வினோதினியும் இறங்கினார்கள். அவர்களோடு மணிவண்ணன் என்ற உதவிப் பொறியாளர், கையில் படிவக் கட்டோடு.

"குழந்தை எங்க?" என்று மணிவண்ணன் கேட்டார்.

"குழந்தை எதுவும் கிடைக்கல சார்," என்றார் நடனசபாபதி. பதினேழு குழந்தைகள் அவரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன.

மணிவண்ணன் தலையைச் சொறிந்தார். "மணல் மூட்டை வச்சு விடலாம் சார். ஆனா படிவத்துல அழுத நேரம்னு ஒரு கட்டம் இருக்கு."

அறிவழகன் ஊஞ்சலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேலே பார்க்கவில்லை. பலகையைத் தட்டினார், சங்கிலியை ஆட்டினார். முகம் தெளிந்தது.

"குழந்தையும் இல்ல. விபத்தும் இல்ல. அப்ப ஊஞ்சல் நல்ல நிலையில இருக்குன்னுதானே அர்த்தம்? இன்னிக்கே சான்று கொடுத்துடலாம். நாளையிலேர்ந்து குழந்தைங்க தாராளமா ஆடலாம். யோவ் மணிவண்ணா, எழுது."

பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். மோனிகா இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். நடனசபாபதி முன்னால் வந்து நின்றார்.

"சார், வேணாம் சார். ஏணி இருக்கு. ஒரே ஒரு தரம் ஏறி அந்தக் கொக்கியைப் பாத்துடுங்க. கையால தொட்டாப் போதும்."

"சான்றுல அது கேக்கல. 'அமர்ந்து பார்த்து உறுதி செய்தேன்'னுதான் இருக்கு. அதையும் நான் பண்ணாம கையெழுத்து போட மாட்டேன். என் சர்வீஸ்ல நான் பாக்காத எதுலயும் கையெழுத்து போட்டதில்ல." அப்படிச் சொல்லும்போது அறிவழகனின் குரலில் பெருமை இருந்தது. பொய்ப் பெருமை இல்லை. அவர் நேர்மையான மனிதர்தான்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

நடனசபாபதி கைகூப்பினார். ஆனால் என்ன வேண்டிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கொக்கி தாங்க வேண்டும் என்று வேண்டினால் நாளைக்கு அதில் மோனிகா உட்காருவாள். தாங்கக் கூடாது என்று வேண்டினால் எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிய கையோடு வெறுமனே நின்றார்.

அறிவழகன் காலால் மண்ணை உந்தினார். முதல் ஆட்டத்தில் கொஞ்சம் கூச்சப்பட்டார். இரண்டாவது ஆட்டத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்துப் பேசவும் தொடங்கினார்.

"பாத்தீங்களா? சாதனங்களைச் சந்தேகப்படுறதுதான் உண்மையான ஆபத்து. நம்ம வாரியத்தோட பத்து வருஷ அனுபவத்துல ஒரு கொக்கி கூட—"

டங் என்று ஒரு சத்தம். ஒருபக்கச் சங்கிலி பாம்பு மாதிரி நெளிந்து இறங்கியது. துணை இயக்குநர் பக்கவாட்டில் ஒரு பல்டி அடித்து மணலில் போய் விழுந்தார்.

நடனசபாபதி ஓடிப்போய் அவர் தலையைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கொத்திப் போட்ட மணல் இடுப்பைக் காப்பாற்றிவிட்டது. வலது மணிக்கட்டு மட்டும் போகக் கூடாத திசைக்குப் போயிருந்தது. சத்யப்பிரியா சொம்பில் தண்ணீரோடு வந்து, கேட்காமலே தன் துப்பட்டாவைக் கிழித்து, ஒரு தென்னை மட்டைத் துண்டைச் சேர்த்துக் கையைக் கட்டினாள். வினோதினி ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

மணிவண்ணன் மட்டும் பளிச்சென்று சிரித்தார். "சார்! விபத்து நடந்துடுச்சு சார்!" உட்கார்ந்து படிவத்தை விரித்தார். "பேர் எழுதிட்டேன். உயரம் நாலடி போடுறேன். வயசு சார்?"

"ஐம்பத்தி… ரெண்டு," என்றார் அறிவழகன் முனகிக்கொண்டே.

"பன்னெண்டுக்கு மேல போகக் கூடாதுங்களே."

"அப்ப விட்டுடு."

"விடவும் முடியாது சார். விதி 14. பன்னெண்டு வயசுக்கு மேற்பட்ட ஆளு ஊஞ்சல்ல உக்காந்தா, காவலாளி ஒடனே போலீஸ்ல புகார் கொடுக்கணும்."

"அந்த மாதிரி ஒரு விதியை எந்த மடையன்யா எழுதினான்?"

மணிவண்ணன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதான் சார்."

அறிவழகன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் கோத்தது. வலியால்தான். மோனிகா மெல்லக் கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையின் மேல் குனிந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள்.

"ரொம்ப வலிக்குதா அங்கிள்? ஊதுனாப் போயிடும். எனக்கு அப்டித்தான் போச்சு."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு கழுத்தை நிமிர்த்தி, ஒற்றைச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த ஊஞ்சலைப் பார்த்தார். பலகை அவள் உட்கார்ந்தால் சரியாக இருக்கும் அகலம்தான். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ எடை எவ்ளோ இருக்கும்?" என்று கேட்டார்.

பிறகு மணிவண்ணன் பக்கம் திரும்பினார்.

"பத்து போடு," என்றார்.

"சார்?"

"வயசு பத்துன்னு போடுய்யா. அழுத நேரம் எவ்ளோ வேணுமோ போட்டுக்கோ. அது பொய் இல்ல."

சாட்சிக் கையெழுத்துக்கு நடனசபாபதியிடம் படிவம் வந்தது. அவர் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "விழுந்ததைப் பார்த்தேன். அழுததைப் பார்த்தேன். வயதை நான் விசாரிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணிவண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன்பிறகு வாரியம் சுறுசுறுப்பாக இயங்கியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. விபத்து எண் மறுநாளே கிடைத்தது. பன்னிரண்டாம் நாள் முத்திரை அடித்த கொக்கிகள் வந்தன. இரண்டு ஊஞ்சலுக்கும் நான்கு கொக்கியும் புதிதாக மாட்டினார்கள். மற்ற நடைமுறைகளும் தவறவில்லை. விழுந்த குழந்தைக்கு படம் வரையும் நோட்டு ஒன்றும் வண்ணப் பென்சிலும் அனுப்பினார்கள். குழந்தையின் பெற்றோருக்கு வழக்கமான கடிதம் போயிற்று. துணை இயக்குநர் இடதுகையால் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடிதம் கம்மாபுரத்தில் இருக்கும் அவர் தாயார் ராமாமிர்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "தங்கள் குழந்தை செல்வன் அறிவழகன் (10) விளையாட்டின்போது கவனக்குறைவாக இருந்தது வருந்தத்தக்கது. இனி பெரியவர்கள் உடனிருக்க வேண்டும். மனநல ஆலோசனைக்குக் குழந்தையுடன் கடலூர் அலுவலகத்துக்கு வரவும்." அந்த அம்மாள் விரலால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பையில் துணி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நடந்ததை வினோதினிதான் போனில் நடனசபாபதியிடம் சொன்னாள். "மூணு மாடியையும் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டே ஏறி வந்தாங்க ஐயா. ஆலோசகரு, 'பையன் வீட்டுல எப்படி, சேட்டை ஜாஸ்தியா'ன்னு கேட்டாரு. அதுக்கு அந்தம்மா, 'இவன் எங்க சார் சேட்டை பண்ணான், சின்ன வயசுல ஊஞ்சல்னாலே நடுங்குவான், ஒரு தரம் கூட ஏறினதில்ல, இப்ப என்னாத்துக்கு ஏறினான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்'னாங்க. சாரு பக்கத்து நாற்காலியிலயே உக்காந்திருந்தாரு. அப்புறம் அம்மாவைக் கையைப் பிடிச்சுக் கீழ எறக்கிக் கூட்டிட்டுப் போனாரு. மறுநாளு மாடிப்படிக்குக் கைப்பிடி போட ஆள் வந்துட்டான்."

வருஷக் கடைசியில் வாரியத்தின் ஆண்டறிக்கை எல்லாப் பூங்காவுக்கும் வந்தது. நடனசபாபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொற்கிழி நகர் என்ற தலைப்பைத் தேடிப் பிடித்துப் படித்தார். "இப்பூங்காவில் இவ்வாண்டு ஒரே ஒரு குழந்தை ஊஞ்சலிலிருந்து விழுந்தது. வாரியத்தின் உடனடி நடவடிக்கையால் அக்குழந்தை பூரண நலம் பெற்று, தற்போது துணை இயக்குநராகப் பணியாற்றி வருகிறது."

அதில் தப்பு எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டார்.

தைப் பிறப்புக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம், அறிவழகன் பூங்காவுக்கு வந்தார். ஜீப் இல்லை, படிவம் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தார். நடனசபாபதி எழுந்து நின்றதும், "உக்காருங்க, உக்காருங்க," என்றார்.

"கோயிலுக்கு வந்தீங்களா சார்?"

"அங்கயும் போகணும். மொதல்ல இங்க." கொஞ்சம் தயங்கினார். "அந்த ஏணி இருக்கா?"

ஏணி வந்தது. நடனசபாபதி கீழே பிடித்துக்கொள்ள, துணை இயக்குநர் ஒவ்வொரு படியாக ஏறினார். பயந்த ஆள் என்பது காலிலேயே தெரிந்தது. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் கொக்கியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டாவது. இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறி, மூன்றாவதையும் நாலாவதையும். இறங்கியபோது விரலெல்லாம் எண்ணெய்.

"நோட்டுல எழுதட்டுங்களா சார்? ஆய்வு நடந்துச்சுன்னு?"

"எழுதாதீங்க. எழுதினா எந்த விதியில பண்ணேன்னு எனக்கே நோட்டீஸ் வரும்." விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். "மாசா மாசம் வரேன். கோயிலுக்கு வர்ற மாதிரி."

அதற்குள் மோனிகா இரண்டாவது ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அறிவழகன் ஊஞ்சலின் பாதையில் நின்று அண்ணாந்து கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், தள்ளி நில்லுங்க," என்றாள் மோனிகா. "இடிக்கும்."

துணை இயக்குநர் தள்ளி நின்றார். ஊஞ்சல் ஆடியது.